அப்பா எங்களுக்காகத் தன்னை அழித்துக்கொண்டாரா?

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலிருந்து, நாற்பதுகளில் இருக்கும் ஒரு வாசகி எழுதியிருந்தார். கேட்ட விஷயத்துக்கு நாள் நெருங்கியிருந்ததால் அவருக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பினேன். அதையே, அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி இங்கே தருகிறேன்.

முதலில் கடிதத்தின் சுருக்கம். வாசகியின் அப்பா யாழ்ப்பாணக் குடாநாட்டில் கணித ஆசிரியராக இருந்தவர். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவர், பல்கலைக்கழகம் போகவில்லை. இந்திய இராணுவம் அங்கே நிலைகொண்டிருந்த காலத்தில், 1989 தொடக்கத்தில், தனியாகக் கனடா வந்து அகதிக் கோரிக்கை வைத்தார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் 1994இல்தான் கூப்பிட முடிந்தது. அப்போது மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. உணவகத்தில் கோப்பை கழுவினார், இரவில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தார். 45 வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து, கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரத்தை (லேத்) இயக்கக் கற்றுக்கொண்டு, 68 வயது வரை ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கூட்டிப்போனவர் மகள். மூன்று வாரங்களுக்கு முன் 73 வயதில் காலமானார்.

31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு, அதாவது இறந்தவரைப் பற்றிய நினைவு மலர், அச்சிட வேண்டும். சிக்கல் அங்கேதான். ஊரிலிருக்கும் பெரியப்பா, “ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று மட்டும் போடு, தொழிற்சாலைக் கதையெல்லாம் எதற்கு?” என்கிறார். அம்மாவும் அவர் பக்கம். தம்பியோ, “எங்களோடு பேசாத மனிதரைப் பற்றி என்னத்தை எழுதப்போகிறாய்?” என்று ஒதுங்கிவிட்டார். வாசகிக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டும். அப்பாவின் அலுமாரியில் ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது. அதில் இராணுவம் அவரைப் பிடித்து அடித்ததைச் சொல்லும் அகதிக் கோரிக்கைப் படிவத்தின் பிரதி, உண்டியலில் (வங்கி வழியாக அல்லாமல் ஆட்கள் மூலம்) ஊருக்குப் பணம் அனுப்பிய துண்டுகள், எண்களும் ஆங்கில எழுத்துகளும் முக்கோணங்களும் நிறைந்த நீலக் குறிப்பேடுகள். “கடைசிவரை அவர் வகுப்பறைக்கு ஏங்கியதற்கு இந்தக் குறிப்பேடுகளே சாட்சி. எங்களுக்காகத் தன் வாழ்க்கையையே அழித்துக்கொண்டார். நான் ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. அந்தப் படிவத்தை அப்படியே அச்சிட்டு, அவர் பட்டதை இப்போதாவது எல்லோருக்கும் சொல்ல வேண்டாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். எழுதுங்கள். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் நீங்கள் எழுத நினைக்கும் கதை, அதாவது பிள்ளைகளுக்காகத் தன்னை அழித்துக்கொண்ட மனிதரின் கதை, உங்கள் கடிதத்தில் நீங்களே தந்திருக்கும் விவரங்களோடு ஒத்துப்போகவில்லை. அதில் உங்கள் கடன் மிகப் பெரிதாகவும் அவருடைய வாழ்க்கை மிகச் சிறிதாகவும் தெரிகின்றன. இரண்டையும் கொஞ்சம் சரிசெய்து பார்ப்போம்.

ஏன் மீண்டும் ஆசிரியராகவில்லை?

“நாங்கள் வந்ததால் சம்பளம் தேவைப்பட்டது, அதனால் பட்டறைக்குப் போனார்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்ராறியோவில் பள்ளிக்கூடத்தில் கற்பிக்க, ஆசிரியர் பயிற்சிக்கு மேல் பல்கலைக்கழகப் பட்டமும் வேண்டும். கலாசாலைச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 38 வயதில் வந்திறங்கிய ஒருவர், பட்டப்படிப்பை முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும், அதுவும் இன்னொரு மொழியில். அந்தக் கதவு 1989இலேயே ஏறக்குறையச் சாத்தியிருந்தது. அப்போது நீங்கள் குடாநாட்டில் ஏழு வயதுப் பிள்ளை. அதைச் சாத்தியவர் நீங்கள் அல்லர்.

அடுத்தது பணம். அந்தத் துண்டுகளில் இருக்கும் பெயர்களை ஒழுங்காகக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் அவற்றைக் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1990 முதல் 1993 வரை போன பணத்தில் பெரும்பகுதி அப்பாவின் இரண்டு தங்கைமாருக்கும், சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் இருந்த உங்கள் அப்பம்மாவுக்கும் போயிருக்கிறது. அவை எப்படிப்பட்ட ஆண்டுகள் என்பதை நீங்கள் அங்கே இருந்தே பார்த்தவர். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, வெளியே வருவதென்றால் இரவில் கிளாலிக் கடலைப் படகில் கடக்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பெண்களுக்குச் சீதனம் கொடுத்துக் கலியாணம் செய்துவைத்திருக்கிறார் ஒருவர், கோப்பை கழுவிய காசில். அவர் உங்களுடைய அப்பா மட்டுமல்லர். ஒரு தாய்க்கு மகன், இரண்டு பேருக்கு அண்ணன். தன் கடமை என்று அவர் வகுத்துக்கொண்டதில் நீங்களும் தம்பியும் ஒரு பங்கு. அந்தக் கடமையை அவரே தேர்ந்தெடுத்தார் என்று எழுதுவதுதான் அவருக்கு மரியாதை என்று நினைக்கிறேன். பலி கொடுக்கப்பட்டவர் என்று எழுதினால், அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் அவருடையவை இல்லை என்றாகிவிடும்.

நீலக் குறிப்பேடுகள்

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களின் படத்தை, கடைசல் பட்டறையில் பல வருடம் வேலை செய்த ஒருவரிடம் காட்டினேன். உங்கள் பெயரையோ அப்பாவின் பெயரையோ சொல்லவில்லை. நீங்கள் பழைய வகுப்புக் கணக்குகள் என்று எடுத்துக்கொண்டவை வேறொன்று. “ஜி 01, எக்ஸ் 1.250, இசட் -0.875” என்ற வரி இயந்திரத்துக்கு இடும் கட்டளை. உலோகத் துண்டின் விட்டம் ஒன்றேகால் அங்குலம் ஆகும், முகப்பிலிருந்து 0.875 அங்குலம் உள்ளே இருக்கும் புள்ளி வரை கத்தியை நேர்கோட்டில் நகர்த்தி வெட்டு என்பது அதன் பொருள். ஜி 02, ஜி 03 என்று வருபவை வட்ட வளைவுகள். ஒன்று கடிகாரம் சுற்றும் திசை, மற்றது எதிர்த்திசை.

அந்த முக்கோணங்கள்? வெட்டும் கத்தியின் நுனி கூர்மையான புள்ளி இல்லை. மிகச் சிறிய உருண்டை. சாய்வாக ஒரு பகுதியைச் சீவும்போது, அந்த உருண்டையின் எந்தப் புள்ளி உலோகத்தைத் தொடும் என்பதைத் திரிகோண கணிதத்தால் கண்டுபிடிக்க வேண்டும். இன்று மென்பொருள் அதைச் செய்துவிடுகிறது. தொண்ணூறுகளின் சிறிய பட்டறைகளில் பல இடங்களில் இயந்திரத்தின் முன்னால் நின்றவரே கணக்கிட வேண்டியிருந்தது. பக்க ஓரத்தில் அவர் எழுதிய 0.0005 என்பது அனுமதிக்கப்பட்ட பிழை: ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பாதி. ஒரு தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பார்த்தவர் என்னிடம், “இவர் பொத்தானை அமுக்கிவிட்டு நின்றவர் இல்லை, புரோகிராம் எழுதத் தெரிந்தவர். கையெழுத்தைப் பார்த்தால் ரசித்துச் செய்திருக்கிறார்” என்றார்.

கையெழுத்திலிருந்து மனநிலையைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் உங்கள் கடிதத்திலேயே வேறு தடயங்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற பிறகும் மைக்ரோமீட்டரை மேசை இழுப்பறையில் வைத்திருந்ததையும், பேப்பரின் தடிப்பை அளந்து பேரப்பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததையும், 65 வயதில் வேலையை நிறுத்தச் சொன்னபோது மறுத்து இன்னும் மூன்று வருடம் போனதையும் வேதனையோடு எழுதியிருக்கிறீர்கள், பட்டறை அவரை விடவில்லை என்பதுபோல. அவர் பட்டறையை விட விரும்பவில்லை என்றும் அதைப் படிக்கலாம் அல்லவா? 45 வயதில், வேலைக்கு நடுவே, ஆங்கிலத்தில் நடக்கும் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்த மனிதர், கணிதம் தெரிந்தவனுக்கு இந்த ஊரில் எங்கே இடம் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். இதைத் தொழில் மாற்றம் என்றே சொல்லுங்கள். வீழ்ச்சி என்று சொல்லாதீர்கள்.

இன்னொரு பக்கமும் சாய்ந்துவிட வேண்டாம். “பட்டறையிலும் அவர் ஆசிரியராகவே வாழ்ந்தார்” என்று எழுதக் கை துடிக்கும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதுவும் கடைசல்காரரை மறைத்துவைக்கும் வேலைதான். பெரியப்பா வெளிப்படையாகக் கேட்பதை நீங்கள் நாசூக்காகச் செய்ததாக முடியும். 38 வயது வரை ஆசிரியர், 45க்குப் பிறகு கடைசல்காரர். இரண்டும் முழு வாழ்க்கைகள்.

தம்பி சொல்வதும் உண்மை

தம்பியைப் பற்றிக் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா புறப்பட்டபோது அவருக்கு மூன்று வயது. எட்டு வயதில் விமான நிலையத்தில் சந்தித்தவர் அவருக்கு ஓர் அந்நியர். நீங்கள் ஏழு வருட நினைவோடு வந்தீர்கள். அவரிடம் அதுவும் இல்லை. அதன் பிறகும் அப்பா இரவு வேலைக்காரர், பகலில் தூங்குபவர், சத்தம் போட்டால் எரிந்து விழுபவர். நீண்ட பிரிவுக்குப் பின் ஒன்றுசேரும் குடும்பங்களில் இது மிகச் சாதாரணமாக நடப்பது. அப்பா குடும்பத்துக்காகவே உழைத்தார். அந்த உழைப்பாலேயே ஒரு பிள்ளைக்கு இல்லாமலும் போனார். இதில் எது உண்மை என்று நீங்கள் இருவரும் வழக்காட வேண்டியதில்லை. தம்பியை எழுதச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். “உனக்கு அவரைப் பற்றி நினைவிருக்கும் ஒரு விஷயத்தைச் சொல், நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டது நிற்கும்.

நன்றி சொல்லவில்லை என்ற கவலையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நம் வீடுகளில் அப்பாவிடம் போய் நன்றி என்று சொன்னால், “என்ன, உடம்புக்குச் சுகமில்லையா?” என்று கேட்டிருப்பார். இரண்டு வருடம், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்கப்படும்போது பக்கத்தில் இருந்தவர் நீங்கள். அதைப் புரிந்துகொள்ளாத மனிதராக உங்கள் அப்பாவை நீங்கள் எனக்கு வர்ணிக்கவில்லை.

படிவத்தை அச்சிடலாமா?

வேண்டாம். கல்வெட்டில் நிச்சயமாக வேண்டாம். என் காரணங்கள் இவை.

அது அவருடைய சுயசரிதை இல்லை. அகதிக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் கனடாவின் குடிவரவு அகதிகள் சபை 1989இல்தான் இயங்கத் தொடங்கியது. அதன் முன்னால் வைக்க, வழக்கறிஞரும் மொழிபெயர்ப்பாளரும் உட்கார்ந்து தயாரித்த சாட்சியம் இது. திரும்பிப் போனால் ஆபத்து என்று நிரூபிக்க எது தேவையோ அது மட்டும் அதில் இருக்கும். அவர் எந்தப் பாடத்தை விரும்பிக் கற்பித்தார், யாரோடு சைக்கிளில் போனார் என்பது இருக்காது. ஒரு தேதி குடும்பத்தார் சொல்வதோடு பொருந்தவில்லை என்று குழம்பியிருக்கிறீர்கள். இத்தனை கைகள் மாறிய காகிதத்தில் தேதி பிசகுவது புதிதல்ல; அதை வைத்து அவர் பொய் சொன்னார் என்றோ குடும்பம் மறைத்தது என்றோ முடிவுகட்டாதீர்கள்.

அதில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவரோடு பிடிபட்ட இரண்டு இளைஞர்களின் பெயரும் ஊரும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களோ அவர்களுடைய குடும்பமோ இன்றும் அதே ஊரில் இருக்கலாம். கல்வெட்டு ஊருக்கும் போகும். அவர்களுடைய கதையைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

பிறகு அம்மா. அப்பாவை இராணுவம் பிடித்து அடித்தது அம்மாவுக்குத் தெரியாது என்கிறீர்கள். எதை வைத்து? அவர் வீடு திரும்பிய அன்று கதவைத் திறந்தவர் அம்மாவாக இருக்கலாம். காகிதத்தைக் கையில் எடுக்காமல், தனியாக இருக்கும்போது, அந்த வருடத்தைப் பற்றிப் பொதுவாகக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். முப்பத்தைந்து வருடம் பேசாமல் இருந்ததற்கு அவரிடம் காரணம் இருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் ஆலோசகர், வழக்கறிஞர் அல்லேன். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கனடாவின் தனியுரிமைச் சட்டம், இறந்தவரின் தனிப்பட்ட தகவலை இறப்புக்குப் பின் 20 ஆண்டுகள் வரை காக்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசாங்கத்தின் கையிலிருக்கும் கோப்பை. உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பிரதியைப் பற்றி அது பேசவில்லை. ஆகவே “சட்டம் அனுமதிக்கிறதா” என்ற கேள்வி இங்கே பெரிதாக உதவாது. அந்தப் பெட்டி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அம்மாவுக்கும் தம்பிக்கும் அதில் சொல்லுரிமை உண்டு. குடும்பத்துக்கு வெளியே எதையாவது வெளியிடுவதானால் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அதுவரை படிவத்தின் படத்தை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பதாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் அதிகம் கவலை தந்தது. பெட்டியைக் கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் வைத்திருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். பகலில், இன்னொருவர் கூட இருக்கும்போது வாசியுங்கள். தூக்கமின்மை தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். இருப்பதே வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது வந்தால், 988 என்ற எண்ணுக்குக் கனடாவில் எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

பெரியப்பாவும் கல்வெட்டும்

பெரியப்பா உங்கள் எதிரி அல்லர். தன் தம்பியான உங்கள் அப்பா வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனதை அவர் பார்த்தார். எண்ணெய் படிந்த மேலங்கியோடு அவரைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை ஊரார் எப்படிப் பேசுவார்களோ என்று பயப்படுகிறார். ஆனால் “ஓய்வுபெற்ற ஆசிரியர்” என்பது பிழை. உங்கள் அப்பா அந்த வேலையிலிருந்து ஓய்வுபெறவில்லை, விட்டுவிட்டு வந்தவர். பெரியப்பாவிடம் இப்படிக் கேளுங்கள்: “பெரியப்பா, ‘முன்னாள் கணித ஆசிரியர், யாழ்ப்பாணம், கடைசல் இயந்திர வல்லுநர், ரொறன்ரோ’ என்று முதல் பக்கத்தில் போடலாமா?” இரண்டாவது தொழிலை மறைப்பதைவிட, அதற்குரிய பெயரோடு அச்சில் பார்ப்பது அவருக்கு எளிதாக இருக்கக்கூடும். குறிப்பேட்டில் இருக்கும் கணக்கை விளக்கிச் சொல்லுங்கள். தன் தம்பியின் கணிதத்தைப் பற்றிக் கேட்க அவருக்கு ஆசை இருக்கும். தங்கைமாரின் கலியாணக் காசு எங்கிருந்து வந்தது என்பதைத் தேவைப்பட்டால் மட்டும் சொல்லுங்கள், அதையும் குத்திக்காட்டாமல்.

பதிகங்கள், வமிசாவளி, இரங்கற்பா என்று கல்வெட்டுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைக் குலைக்க வேண்டாம். உங்களுக்கு இரண்டு பக்கம் கேளுங்கள், போதும். கோப்பை கழுவியதையும் துப்புரவு செய்ததையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். மிச்சத்தை ஆட்டைத் திவசத்துக்குள், அதாவது முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள், நிதானமாகச் சேர்க்கலாம்.

அதற்கு அவசரமான ஒரு வேலை இருக்கிறது. வந்த புதிதில் பார்லிமென்ட் வீதிக்கு அருகே ஒரே அறைக்குடியிருப்பில் அவரோடு இருந்தவர்கள் என்று மூன்று பேரைச் சொல்கிறீர்கள். அவர்களுக்கும் இப்போது எழுபது கடந்திருக்கும். போய்ப் பாருங்கள். “அப்பா கஷ்டப்பட்டாரா?” என்று கேட்டால் “ஓம்” என்பார்கள், பேச்சு முடிந்துவிடும். யார் சமைத்தது, யார் முதலில் எழும்பியது, ஊருக்குக் கடிதம் யார் கையில் கொடுத்துவிட்டது, பனிக்காலச் சப்பாத்து முதலில் யார் வாங்கியது என்று கேளுங்கள். பட்டறையில் அவரோடு நின்றவர்களிடமும் குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் காட்டி, எந்தப் பக்கம் எந்தப் பாகத்துக்கு என்று கேளுங்கள். நான் காட்டியவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அப்பா இத்தனை வருடம் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். அதில் அம்மாவுக்கு வாழ்க்கைத் துணைக்கான ஓய்வூதியம் உண்டு. அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தால் அதிகபட்சம் 12 மாதங்களுக்குத்தான் பின்தேதியிட்டுத் தருவார்கள். மரணச் செலவுக்கான ஒரு தடவைத் தொகையும் உண்டு, வழக்கமாக 2,500 டொலர். அம்மாவின் கலியாணப் பதிவுப் பத்திரம் அந்தப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்பதை சர்விஸ் கனடா அலுவலகத்தில் கேளுங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள், கையெழுத்து அவர்தான் இட வேண்டும்.